நாலரைப் பவுண் மணிப்பூ: மூன்று வருசம் வைத்துப் பார்த்த பிறகு

2022 மார்ச் 27, இங்கிலாந்தில் அன்னையர் ஞாயிறு. அப்போது ஒன்பது வயதாக இருந்த என் மகள் தகப்பனோடு சுப்பர்மார்க்கெற்றுக்குப் போய், உண்டியல் காசில் எனக்கு ஒரு பூச்சாடி வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு கைக்குள் அடங்கும் பிளாஸ்ரிக் சாடி. அதன் விளிம்பை மூடி வழிகிற மாதிரி ஊதா நிறத்தில் சின்னச் சின்ன மணிகள், இலையே கண்ணில் படாத அளவுக்குப் பூ. விலை 4 பவுண் 50 பென்ஸ். லேபலில் மூன்றே விசயம்: கம்பனூலா, வீட்டுக்குள் வைக்கும் கன்று, மண்ணை ஈரமாக வைத்திருக்கவும்.

நான் இங்கே மதிப்பிடுவது அந்தக் கன்றைத்தான். வாங்கிய கிழமையிலேயே ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் போட்டுவிடுகிறார்கள். பூக்கன்றுக்கு அது சரிவராது. ஒரு கோடையும் ஒரு மாரியும் கடந்து, அடுத்த பூவையும் கண்ட பிறகுதான் அது நல்ல சாமானா இல்லையா என்று சொல்ல முடியும். நான் மூன்று கோடை பார்த்துவிட்டேன், இது நாலாவது.

லேபல் சொன்னபடியே முதலில் குசினி யன்னலில் வைத்தேன். அந்த யன்னலுக்குக் கீழேதான் ஹீற்றர். நாளுக்கு ஒருக்கா தண்ணீர் விட்டேன். பத்தாம் நாள் மணிகள் ஒவ்வொன்றாகப் பழுப்பு நிறமாகிக் காகிதம் மாதிரிச் சுருண்டன. பதினைந்தாம் நாள் அடித்தண்டு மஞ்சளாகிவிட்டது. மகள் பள்ளிக்கூடத்தால் வந்து யன்னலைப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் பழுதானதையா வாங்கிட்டு வந்தனான்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியால்தான் எனக்கு இந்தக் கன்றில் பிடிவாதம் வந்தது.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறவர் எழுபது வயது தாண்டிய ஆங்கிலேய மனுசி. மழை நாளிலும் தோட்டத்தில்தான் நிற்பார். சாடியை வேலிக்கு மேலால் அவரிடம் காட்டினேன். ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தார், பூ ஒன்றை விரித்துப் பார்த்தார். பிறகு, இது பாறையில் வளர்கிற கன்று, வீட்டுக்குள் வைத்தால் மூச்சு முட்டித்தான் சாகும், பின்னேரமே வெளியில் கொண்டுபோய் வை என்றார். கண்ணாடி வீட்டில் சூடும் வெளிச்சமும் கொடுத்து மார்ச்சில் பூக்க வைத்திருக்கிறார்கள், தன்பாட்டில் விட்டால் யூனில்தான் பூக்கும் என்றும் அவரே சொன்னார். அதாவது நான் வாங்கியது களைத்துப்போன கன்று. பூத்து முடித்த கன்றுக்கு ஓய்வு தேவை. நானோ சூடும் தண்ணீருமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

லேபலில் இனத்தின் பெயர் இல்லை. கம்பனூலா என்பது நூற்றுக்கணக்கான இனங்கள் அடங்கிய ஒரு பெரிய சாதி. லத்தீனில் "கம்பானா" என்றால் மணி, "கம்பனூலா" என்றால் சின்ன மணி. முழங்கால் உயரத்துக்குப் போவதும் உண்டு, விரல் உயரத்தில் படர்வதும் உண்டு. இனம் தெரியாமல் பராமரிப்புச் சொல்வது, வருத்தம் என்னவென்று தெரியாமல் மருந்து எழுதுவது மாதிரி. என்னுடையது கம்பனூலா போட்டென்ஷ்லாகியானா. குரோசியாவின் டல்மேசியக் கரையோரச் சுண்ணாம்புக்கல் மலைகளில், கல் இடுக்குகளில் தானாக வளர்வது. இதையும் இதன் நெருங்கிய உறவான கம்பனூலா பொஷார்ஸ்கியானாவையும் சாடிகளில் மாற்றிக் கலந்து விற்கிறார்கள். பிரித்தறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. பூ புனல் மாதிரி, பாதிவரை மூடிய மணியாக இருந்தால் முதலாவது. இதழ்கள் அடிவரை பிளந்து நட்சத்திரம் மாதிரி விரிந்திருந்தால் இரண்டாவது. இரண்டாவது நீளமான கொடிகளை எறிந்து ஓடும், சின்ன இடத்துக்கு அது அளவுக்கு மிஞ்சியது. முதலாவது அடக்கமானது. அரையடிக்கு மேல் உயராது, மெத்தை மாதிரிப் பரவும்.

சாடியைக் கவிழ்த்துத் தட்டியபோது, ஒரே கன்று என்று நினைத்தது மூன்றாகப் பிரிந்தது. கடைக்குப் பார்வையாக இருக்கட்டும் என்று ஒரே சாடிக்குள் பல துண்டுகளை நெருக்கி நட்டு வளர்ப்பது வழக்கமாம். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. மூன்றையும் மூன்று இடத்தில் வைத்தேன்.

ஒன்று, வீட்டு முன்பக்கம் இருக்கும் பழைய செங்கல் அணைச்சுவரின் இடுக்கில். சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்து, மூன்று விரல் போகிற ஓட்டை. மண்கலந்த சாடிக்கலவை ஒரு பங்கு, பொடிக்கல் ஒரு பங்கு என்று குழைத்து உள்ளே அடைத்து, வேரைப் பக்கவாட்டில் செருகி, ஈரப் பாசியால் வாயை மூடினேன். என் கணவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இஞ்ச பாரும், கல்லுக்குள்ள வைச்சா அது என்னத்தைத் தின்னும்?" என்றார். ஊரில் கோயில் மதில் வெடிப்புக்குள்ள அரசமரம் நிக்கிறேல்லையா என்று கேட்டேன்.

இரண்டாவது, அகலமான மண்சாடியில். ஜோன் இன்னஸ் 2ஆம் நம்பர் என்கிற மண்கலந்த சாடிக்கலவையோடு மூன்றில் ஒரு பங்கு பொடிக்கல். மேலே ஒரு விரற்கடைக்குச் சல்லிக்கல் பரப்பினேன், கழுத்தடியில் தண்ணீர் தேங்காமல் இருக்க.

மூன்றாவது, றோஸ் நிற்கும் பாத்தி ஓரத்தில், எங்கள் நிலத்து மண்ணிலேயே. லண்டன் ஹரோவில் இருக்கிறவர்களுக்கு இந்த மண் எப்படியென்று தெரியும். லண்டன் களிமண். மாரியில் சப்பாத்தைப் பிடித்து இழுக்கும், கோடையில் விரல் போகும் அளவுக்கு வெடிக்கும்.

அந்த வருசக் கோடை சாதாரணமானதல்ல. 2022 யூலை, இங்கிலாந்துக்கு 1935க்குப் பிறகு மிகவும் வரண்ட யூலை. 19ஆம் தேதி ஹீத்ரோவில் 40.2 பாகை. எங்கள் வீட்டிலிருந்து ஹீத்ரோ அவ்வளவு தூரமில்லை. சுவர்க் கன்றின் இலை அன்று பின்னேரம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதுக்கு நான் தண்ணீர் விட்டது அந்த மாதம் முழுவதும் நாலு தரம்தான் இருக்கும், ஏனென்றால் செத்துவிட்டது என்று கைவிட்டிருந்தேன். சாடிக் கன்றுக்குக் காலையும் மாலையும் விட்டு, வீட்டின் நிழல் பக்கம் இழுத்து வைத்து, அதைத் தப்ப வைத்தேன். செப்ரெம்பரில் மழை இறங்கி இரண்டு கிழமையில், சுவரில் காய்ந்த தும்புக்குள்ளிருந்து கடுகளவு பச்சை வந்தது. மகள்தான் முதலில் கண்டாள். நான் மட்டும் நின்றிருந்தால் அந்தத் தும்பை எப்போதோ பிடுங்கி எறிந்திருப்பேன். வேர் கல்லுக்குள் ஆழப் போய்க் குளிர்ச்சியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலே காய்ந்தது இலை மட்டுந்தான்.

அதே வருச டிசெம்பரில் 11ஆம் தேதி இரவு பனி கொட்டி, பிறகு ஒரு கிழமை உறைநிலைக்கு மேலே போகவே இல்லை என்று சொல்லலாம். சாடியை உள்ளே எடுக்கட்டோ என்று அடுத்த வீட்டு மனுசியிடம் வேலிக்கு மேலால் கேட்டேன். குளிர் அதைக் கொல்லாது, குளிரில் ஈரம்தான் கொல்லும், சாடிக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி விடு என்றார். சொன்னபடி செய்தேன். 2023 பெப்ரவரியில் கணக்குப் பார்த்தபோது, சுவரும் சாடியும் உயிரோடு இருந்தன. பாத்தியில் நின்றதைத் தொட்டேன், வேர் இல்லாமல் கையோடு வந்தது. அடி கறுத்து, அழுகின உருளைக்கிழங்கு மணம். அது பனிக்குத் தப்பியிருந்தது, இலை கடைசிவரை பச்சைதான். களிமண்ணில் தேங்கிய ஈரத்துக்குத்தான் போனது.

ஆகவே இந்தக் கன்றை வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது மண்ணைப் பற்றி. பசளை, தண்ணீர், வெயில் எல்லாம் அதுக்குப் பிறகு. தண்ணீர் வந்து, நின்று பார்க்காமல், போய்விட வேண்டும். வெயிலும் வேண்டும், ஆனால் நாள் முழுக்கத் தேவையில்லை. காலை வெயிலும் பின்னேர நிழலும் கிடைக்கிற சுவர் என்றால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

2023 யூன் நடுப்பகுதியில் சுவர்க் கன்று முதல் தடவையாகத் தன் சொந்தக் காலத்தில் பூத்தது. கடையில் பார்த்த பூவும் இதுவும் ஒன்றல்ல. கடையில் அது மெல்லிய ஊதா, தண்ணீர் கலந்த மாதிரி. வெளியில் வெயிலும் காற்றும் பட்டு வந்த நிறம் கடும் ஊதா, பின்னேர ஏழு மணிக்குப் பார்த்தால் நீலத்துக்குப் போகும். ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. அந்த நாட்களில் நானும் மகளும் தொலைபேசிக் கமெராவைப் பெரிதாக்கி ஒரு பூவை நாலு நாள் தொடர்ந்து பார்த்தோம். இதைச் சொல்லாமல் இந்தக் கன்றைப் பற்றி எழுதினால் பாதிதான் எழுதினதாகும்.

மொட்டு மூடியிருக்கும்போதே உள்ளே மகரந்தப் பைகள் வெடித்து, நடுவில் நிற்கும் சூல்தண்டின் மெல்லிய மயிர்களில் மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. பூ விரியும்போது அந்தப் பைகள் ஏற்கெனவே வாடிக் கீழே கிடக்கும். சூல்தண்டுதான் போத்தல் கழுவும் தூரிகை மாதிரி மகரந்தத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். தேனீ வந்து உரசி எடுத்துப் போகும். மகரந்தம் போய் முடிந்த பிறகுதான், இரண்டு மூன்று நாளில், அதே தண்டின் நுனி மூன்றாகப் பிளந்து விரிந்து, வேறொரு பூவின் மகரந்தத்தை வாங்கக் காத்திருக்கும். முதலில் கொடுத்து முடித்து, பிறகுதான் வாங்கும். மகள் அந்த நாலு நாளையும் நாலு படமாகக் கீறிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள்.

இன்னொன்றும் கண்டோம். ஒரு மழை இருட்டுப் பின்னேரம், மணிக்குள் கறுப்பாக, அரிசியளவில் ஏதோ சுருண்டு கிடந்தது. பூச்சி அரிக்கிறது என்று நினைத்துத் தட்டப் போனேன். அது தேனீ! செலொஸ்தோமா கம்பனூலாரம் என்கிற, அரைச் சென்ரிமீற்றர் நீளமுள்ள தனித் தேனீ. கூட்டமாக வாழாது. தன் குஞ்சுகளுக்கு மணிப்பூவின் மகரந்தத்தைத் தவிர வேறு ஊட்டாது. பழைய மரத்தில் வண்டு துளைத்த ஓட்டைகளில் கூடு வைக்கும். இரவிலும் மழையிலும் ஆண் தேனீக்கள் மணிக்குள்ளேயே படுத்துவிடும். எங்கள் தெருவில் இந்தப் பூ இல்லையென்றால் அதுக்குச் சாப்பாடு இல்லை. அன்றிலிருந்து மழை நாளில் பூ வெட்டுவதில்லை.

(கம்பனூலாக் குடும்பத்தில் நமக்குத் தெரிந்த உறவும் உண்டு. 2003இல், போர்நிறுத்தத்தால் ஏ9 வீதி திறந்திருந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்துக் குடும்பமாக நுவரெலியா போனோம். ஹோட்டன் சமவெளியில் ஆளுயரத்துக்கு வெள்ளைக் கதிராக நின்ற காட்டுப் புகையிலையை அப்பா காட்டினார். அதுவும் இதே குடும்பம்தான் என்று இங்கே வந்துதான் அறிந்தேன்.)

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. யூலை கடைசியில் பூ குறைந்ததும் கத்தரிக்கோலால் தலைமயிர் வெட்டுவது மாதிரி இரண்டு விரற்கடை விட்டு முழுதாக வெட்டிவிடுவேன். செப்ரெம்பரில் இரண்டாம் தரம் பூக்கும், முதற்தரத்தில் கால்வாசி இருக்கும். பசளை சாடிக்கு மட்டும், அதுவும் ஏப்ரலில் ஒருக்கா. கூடப் போட்டால் இலைதான் கொழுக்கும். மூன்று வருசத்துக்கு ஒருக்கா சாடிக் கன்றைக் கிளப்பி, வேரோடு பிய்த்துப் புதுக் கலவையில் நட வேண்டும்.

ஒரு மணிப்பூ இருந்தால் அடுத்தது வேண்டும் என்று மனம் கேட்கும். எனக்கும் கேட்டது. 2023 இலையுதிர்காலத்தில் இணையத்தில் கன்று விற்கும் ஒரு இடத்தில் கன்ரபரி மணி, அதாவது கம்பனூலா மீடியம், ஆறு நாற்று வாங்கினேன். 2024 யூனில் முழங்காலுக்கு மேல் உயர்ந்து, தேத்தண்ணிக் கோப்பை அளவு மணிகள், வெள்ளையும் ரோசாவும் நீலமுமாக. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஓகஸ்ற்றில் ஆறும் செத்தன. அந்த இடத்தின் இணையப் பக்கத்தில் "வருடாவருடம் பூக்கும்" என்று போட்டிருந்தது. அது பிழை. கன்ரபரி மணி இரண்டு வருசப் பயிர். முதல் வருசம் இலை, இரண்டாம் வருசம் பூ, அதோடு அதன் வாழ்க்கை முடிந்தது. எழுதிக் கேட்டதற்கு, தண்ணீர் கூடியிருக்கும் என்று பதில் வந்தது. எனக்கு அது இன்றைக்கும் கோபம்தான். உண்மையைச் சொல்லி விற்றிருந்தால் மே, யூனில் புது விதை போட்டு வைத்திருப்பேன், ஒரு கோடை வெறுமையாகப் போயிருக்காது. அந்தக் கன்றுக்கு ஐந்துக்கு ஐந்து. விற்ற இடத்துக்கு நான் இனிப் போகமாட்டேன்.

பீச் இலை மணி, கம்பனூலா பெர்சிசிபோலியா, ஒரு கார்டன் சென்ரரில் 8 பவுணுக்கு வாங்கினது. இது உண்மையாகவே வருடாவருடம் வரும். ஒல்லித் தண்டில் அகன்ற மணிகள் பக்கவாட்டில் தொங்கும் வடிவு வேறெதிலும் இல்லை. ஆனால் ஊரி அட்டைக்கு (ஓடில்லாத நத்தையை எங்கள் வீட்டில் இப்படித்தான் சொல்வோம்) இதன் குருத்தைவிட ருசியான சாப்பாடு இல்லை. ஏப்ரலில் ஒரே இரவில் ஐந்து குருத்தைத் தின்றுவிட்டது. பழைய நீல மருந்துருண்டை, மெற்றல்டிஹைட், 2022 ஏப்ரலிலிருந்து பிரித்தானியாவில் வெளித் தோட்டத்தில் பாவிக்கத் தடை. முட்டைக்கோது நொறுக்கிப் போடச் சொல்வார்கள். நானும் இரண்டு மாதம் சேர்த்துப் போட்டேன், பயனில்லை. அரச தோட்டக்கலைச் சங்கமும் (RHS) 2018இல் முட்டைக்கோது, செம்புப் பட்டி, கூர்ப் பொடிக்கல், கம்பளி உருண்டை எல்லாவற்றையும் வைத்துச் சோதித்து, வித்தியாசம் இல்லை என்றுதான் கண்டது. எனக்குக் கைகொடுத்தது ரோச்லைற்றும் வாளியும். இரவு பத்து மணிக்கு, மழை விட்டபின், இரண்டு கிழமை தொடர்ந்து பொறுக்கினால் குருத்து ஒரு சாண் உயர்ந்துவிடும், பிறகு அவ்வளவு பயமில்லை. தண்ணீரில் கரைத்து மண்ணில் ஊற்றும் நுண்புழு (நெமற்றோட்) மருந்தும் நல்லது, மண் 5 பாகைக்கு மேல் சூடான பிறகு ஊற்ற வேண்டும், விலைதான் கூட. இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூள் கண்டால் அது துரு நோய், அந்த இலைகளைக் கிள்ளிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், உரக் குவியலில் போடாதீர்கள்.

சுவரில் நிற்கும் சின்ன மணிக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. அதனால்தான் முதல் கன்று வாங்குகிறவர்களுக்கு அதையே சொல்கிறேன். நாலரைப் பவுணுக்கு இதைவிடப் பெறுமதியான சாமான் அந்தக் கடை முழுக்கத் தேடினாலும் இல்லை. கன்றுக்கு ஐந்துக்கு ஐந்து. லேபலுக்கு ஒன்றும் கொடுக்கமாட்டேன். பூத்து முடிந்ததும் வெளியில் நடுங்கள் என்று இன்னொரு வரி போட எவ்வளவு மை செலவாகும்? அந்த வரி இல்லாதபடியால் எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகள், தாங்கள் வாங்கிக் கொடுத்த கன்று ஏப்ரலில் குப்பைக்குப் போவதைப் பார்த்திருப்பார்கள்.

வாங்க நல்ல நாள் ஒன்று இருக்கிறது. அன்னையர் ஞாயிறுக்கு அடுத்த திங்கள். 2025இல் அது மார்ச் 31. விற்காமல் மிஞ்சிய சாடிகளுக்கு விலை குறைத்த மஞ்சள் லேபல் ஒட்டி, ஒரு பவுணுக்கு வைத்திருந்தார்கள். பூ வதங்கியிருந்தது, பரவாயில்லை. சாடியைத் தூக்கிப் பார்த்து, அடித்தண்டு கெட்டியாகவும் நடுவில் புதுக்குருத்தும் இருந்த மூன்றை எடுத்தேன். மூன்றும் பதினொரு துண்டாகின. தயிர்க் கோப்பைகளில் அடியில் ஓட்டை போட்டு நட்டு, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகளைக் கூட்டிவர நிற்கும் அம்மாமாருக்குக் கொடுத்தேன். மகள் ஒவ்வொரு கோப்பையிலும் "வெளியில் வைக்கவும்" என்று தமிழில் எழுதி ஒட்டினாள்.

அதில் ஒருவர் வெம்பிளியில் மூன்றாம் மாடியில் இருக்கிறார், பல்கனி மட்டும்தான். போன கிழமை படம் அனுப்பி, "அக்கா, பூத்திட்டுது, ஆனா அடியிலை மஞ்சளாப் போகுது" என்று எழுதியிருந்தார். படத்தில் சாடிக்கு அடியில் தட்டு, தட்டு நிறையத் தண்ணீர். தட்டை எடுத்துவிடச் சொன்னேன்.